இன்ஜின் நின்ற பிறகும் சுழலும் ப்ரொப்பெல்லர் நம் கிளைடு தூரத்தை எப்படித் தின்கிறது?

இன்ஜின் நின்றுபோனாலும் ப்ரொப்பெல்லர் பெரும்பாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்து இன்ஜினில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. இன்ஜின் உதவியின்றி விமானம் சறுக்கிக்கொண்டே இறங்குவதுதான் கிளைடு. வேலை அங்கே தலைகீழாகிவிட்டது. எதிர்க்காற்று ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிறது, ப்ரொப்பெல்லர் இன்ஜினைச் சுற்றுகிறது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தவும் உராய்வை வெல்லவும் ஆகும் சக்தி முழுக்க நம் உயரத்திலிருந்துதான் செலவாகிறது. விண்ட்மில்லிங் என்று சொல்வது இதைத்தான்.

செஸ்னா 172எஸ் என்ற ஒற்றை இன்ஜின் சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். விமானக் கையேட்டில் உள்ள கிளைடு வரைபடம் 1,000 அடி உயரத்துக்குச் சுமார் 1.5 கடல் மைல் தருகிறது. அதாவது ஒரு அடி இறங்கினால் ஒன்பது அடி முன்னால் போகலாம். அந்த வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் பலர் படிப்பதில்லை: வேகம் 68 நாட் (மணிக்கு 68 கடல் மைல்), ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்) மேலே, காற்று இல்லை, ப்ரொப்பெல்லர் விண்ட்மில்லிங். ஆக, சுழலும் ப்ரொப்பெல்லரின் இழுவையைச் சேர்த்துத்தான் அந்த 1.5 மைல். அதிலிருந்து இன்னொரு முறை கழிக்கத் தேவையில்லை.

முழு எடை 2,550 பவுண்டு, அதாவது 1,157 கிலோ. அதை ஒன்பது சொச்சத்தால் வகுத்தால் கிளைடின்போது விமானத்தைப் பின்னிழுக்கும் மொத்த இழுவை சுமார் 127 கிலோ. இதோடு இன்னொரு 10 கிலோ கூடினால் விகிதம் 9.1-லிருந்து 8.4-க்கு இறங்கும். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 200 மீட்டர் தூரம் போய்விடும். 3,000 அடியிலிருந்து என்றால் 600 மீட்டர். வயலுக்கும் அதன் முன்னால் இருக்கும் மரவரிசைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

சுழல்வது ஏன் இவ்வளவு இழுக்கிறது? பிளேடைக் கிட்டப் போய்ப் பார்த்தால் புரியும். இந்த விமானத்தின் ப்ரொப்பெல்லர் 76 அங்குல விட்டம், 60 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் பிளேடு முன்னேறும் கணக்குத் தூரம்). மையத்திலிருந்து முக்கால் தொலைவில் பிளேடின் கோணம் 18.5 டிகிரி. 68 நாட் என்பது நிமிடத்துக்குச் சுமார் 6,890 அடி. ஒரு சுற்றுக்கு 5 அடி முன்னேறும் பிட்ச் என்பதால், சுமார் 1,380 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்றில்) பிளேடு தள்ளவும் செய்யாது, இழுக்கவும் செய்யாது. இன்ஜினின் சுமை அதை அதற்குக் கீழே பிடித்து வைக்கிறது. கணக்குக்கு 1,000 ஆர்பிஎம் என்று வைப்போம். அப்போது காற்று அந்த இடத்தில் ஏறக்குறைய 25 டிகிரியில் வருகிறது. பிளேடு 18.5-ல் நிற்கிறது. காற்று பிளேடின் முன்பக்கத்தை 6 டிகிரிக்கு மேல் எதிர்மறைக் கோணத்தில் அடிக்கிறது. இறக்கைபோலத்தான் அதுவும் வேலை செய்கிறது, விசை மட்டும் பின்னோக்கி. கூடவே, பிளேடு சுழல்வதால் அங்கே அது சந்திக்கும் காற்றின் வேகம் விமானத்தின் வேகத்தைப்போல் 2.4 மடங்கு. விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் அழுத்தம் 5.7 மடங்கு!

நின்ற ப்ரொப்பெல்லரில் இந்தப் பெருக்கம் கிடையாது. காற்றுக்கு எதிரே இரண்டு தட்டையான பலகைகள், அவ்வளவே. அதனால் இதுபோன்ற சிறு பிட்ச் ப்ரொப்பெல்லரை நிறுத்தினால் இழுவை குறைகிறது. பிட்ச் கூடக்கூட இந்த வித்தியாசம் சுருங்கி, ஒரு கோணத்துக்கு மேல் நின்ற பிளேடே அதிகம் இழுக்கும். எனவே ‘நிறுத்தினால் எப்போதும் லாபம்’ என்பதைப் பொது விதியாகச் சொல்ல முடியாது.

லாபம் இருக்கும் விமானத்திலும் நிறுத்த முயல வேண்டுமா? பிளேடின் கோணம் மாறாத, நிலையான பிட்ச் ப்ரொப்பெல்லரில் வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. அதை நிறுத்த மூக்கைத் தூக்கி வேகத்தை ஸ்டாலுக்கு, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கும் நிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். 172எஸ்-ல் வேகமானியின் பச்சை வளைவு (இயல்பான வேக வரம்பு) 48 நாட்டில் தொடங்குகிறது, அதை ஒட்டிப் போக வேண்டியிருக்கும். அந்த நேரமெல்லாம் சிறந்த கிளைடு வேகத்தில் நாம் இல்லை. திரும்ப 68-க்கு வர மூக்கை இறக்க வேண்டும், அதற்கும் உயரம் செலவு. கவனமோ இறங்குமிடத்தை விட்டு வேகமானியில் சிக்கியிருக்கும். இன்னொன்று, சுழலும் ப்ரொப்பெல்லர்தான் நம் ஸ்டார்ட்டர். 68 நாட் பிடித்து, எரிபொருள் ஷட்ஆஃப் வால்வை உள்ளே தள்ளி, செலக்டரை இரு டாங்குக்கும் வைத்து, துணைப் பம்பைப் போட்டு, மிக்ஸ்சரை (எரிபொருள்-காற்றுக் கலவையை) ரிச்சாக்கி, இக்னிஷன் ‘போத்’தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எரிபொருள்தான் சிக்கல் என்றால் அதுவே பிடித்துக்கொள்ளும். நிறுத்திவிட்டால் சாவியை ‘ஸ்டார்ட்’ வரை திருப்ப வேண்டும்.

பயிற்சியில் ஒரு பொறி இருக்கிறது. த்ராட்டிலை ஐடிலுக்கு (மிகக் குறைந்த சக்திக்கு) இழுத்துப் பழகும்போது இன்ஜின் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, தன் உராய்வின் ஒரு பகுதியைத் தானே சுமக்கிறது. உண்மையில் நின்ற இன்ஜினில் அந்த உதவி இல்லை. ஐடிலில் எட்டிப்பிடித்த ஓடுபாதை முனையை நிஜத்தில் எட்டாமல் போகலாம். கொஞ்சம் உயரத்தைக் கையிருப்பாக வைத்தே திரும்புங்கள்.

பிளேடின் கோணம் மாறக்கூடிய கான்ஸ்டன்ட் ஸ்பீடு ப்ரொப்பெல்லரில் கதை வேறு. அங்கே ஒரு லீவர் இருக்கிறது, அதைப் பின்னால் இழுத்தே ஆக வேண்டும். பீச்கிராஃப்ட் பொனான்சா ஏ36 கையேடு கிளைடுக்குக் கேட்பது கியர் (சக்கரங்கள்) மேலே, ஃபிளாப் மேலே, கௌல் ஃபிளாப் (இன்ஜினைக் குளிர்விக்கும் காற்றுக் கதவு) மூடல், ப்ரொப்பெல்லர் குறைந்த ஆர்பிஎம், 110 நாட். அப்படிச் செய்தால் ஆயிரம் அடிக்கு 1.7 கடல் மைல். லீவர் முன்னாலேயே கிடந்தால் பிளேடு ஃபைன் பிட்சுக்கு (சிறிய கோணத்துக்கு) போய், சுழன்று, பிரேக்போல் இழுக்கும். ஒற்றை இன்ஜின் விமானங்களில் பொதுவாக எண்ணெய் அழுத்தம்தான் பிளேடைக் கோர்ஸ் (பெரிய கோணம்) பக்கம் தள்ளுகிறது. இன்ஜின் நின்றதற்கே எண்ணெய்க் கசிவு காரணமென்றால் லீவருக்குப் பதில் இருக்காது, கையேட்டுத் தூரமும் கிடைக்காது. அழுத்தமானியை முதலில் பாருங்கள்.

இரட்டை இன்ஜின் விமானங்களில் இது நேர்மாறு. எண்ணெய் போனால் பிளேடு ஃபெதருக்கு, அதாவது காற்றுக்கு விளிம்பைக் காட்டும் நிலைக்குப் போகும். ஆனால் தரையில் இன்ஜினை நிறுத்தும்போது ஃபெதராகாமல் தடுக்க உள்ளே பூட்டு ஊசிகள் உண்டு. பைப்பர் செமினோல் என்ற இரட்டை இன்ஜின் விமானத்தில் 950 ஆர்பிஎம்முக்குக் கீழே அவை விழுந்துவிடும், பிறகு ஃபெதர் செய்யவே முடியாது. இன்ஜின் இறுகத் தொடங்கி ஆர்பிஎம் சரிவதைக் கண்டால் தாமதிக்க நேரமில்லை.

2005 ஆகஸ்ட் 6 அன்று, இத்தாலியின் பாரியிலிருந்து துனிசியாவின் ஜெர்பாவுக்குப் போன துனின்டர் நிறுவனத்தின் இரட்டை இன்ஜின் ஏடிஆர் 72 விமானத்தில் இந்தத் தாமதம் பெரிய அளவில் நடந்தது. ஏடிஆர் 42 என்ற வேறு மாடலுக்கான எரிபொருள் மானி தவறுதலாகப் பொருத்தப்பட்டிருந்தது, அது இல்லாத எரிபொருளைக் காட்டியது. இரண்டு இன்ஜின்களும் அடுத்தடுத்து நின்றன. மானி எரிபொருள் இருப்பதாகச் சொன்னதால் விமானிகள் மீண்டும் மீண்டும் இயக்க முயன்றார்கள், ப்ரொப்பெல்லர்களை ஃபெதர் செய்யவில்லை. அவசரமாகத் திருப்பிய விமானம் சிசிலியின் பலெர்மோவுக்கு முன்பே கடலில் இறங்கியது. இருந்த 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். ஃபெதர் செய்து சரியான கிளைடு வேகத்தைப் பிடித்திருந்தால் பலெர்மோ ஓடுபாதையை எட்டியிருக்க முடியும் என்று இத்தாலிய விசாரணையின் கணக்கு காட்டியது.