மொறிஸ் மைனருக்கு டிஸ்க் பிறேக் தேவைதானா?

முன்னால் போகிற புதிய கார் பிறேக் பிடித்த இடத்திலேயே நிற்கிறது. பின்னால் வரும் பழைய ஆங்கிலேயக் காரான மொறிஸ் மைனருக்கோ பெடலை இரண்டு தரம் மிதிக்க வேண்டியிருக்கிறது. உடனே இங்கிலாந்திலிருந்து டிஸ்க் கிற் (சுழலும் தட்டை இரு பக்கமும் பாட் எனும் கட்டைகள் இறுக்கும் பிறேக்கின் பாகத் தொகுதி) எடுப்போமா என்ற யோசனை வந்துவிடும். என்னைக் கேட்டால், பத்தில் எட்டு மைனருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பேன். மிச்சம் இரண்டுக்கு ஏன் வேண்டும் என்பதையும் கீழே சொல்கிறேன்.

1948இல் வந்த முதல் மைனரிலிருந்து 948 சிசி மைனர் 1000 வரைக்கும் நான்கு சில்லிலும் 7 அங்குல ட்ரம்தான்: சில்லோடு சுழலும் கிண்ணம் போன்ற இதன் உட்புறத்தை, லைனிங் எனும் உராய்வுப் பட்டை ஒட்டிய ஷூக்கள் அழுத்தும். 1962இல் 1098 சிசி இன்ஜின் வந்தபோது முன் ட்ரம்மை 8 அங்குலமாக்கினார்கள். பின்பக்கம் அப்படியே விட்டார்கள். முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர் (ஒயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளுபவை), இரண்டு ஷூவும் லீடிங் ஷூ. அதாவது கார் முன்னோக்கி ஓடும்போது சுழலும் ட்ரம்மே ஷூவைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பூஸ்டர் (கால் பலத்துக்குத் துணைசெய்யும் கருவி) இல்லாமலே பெடல் இலேசாக இருப்பதற்கு இதுதான் காரணம். இதன் மறுபக்கமும் உண்டு: ஏற்றத்தில் பின்னோக்கி உருளும்போது முன் பிறேக் பலவீனமாகத் தெரியும். அது கோளாறு அல்ல, அமைப்பே அப்படி.

டிஸ்க் பற்றி யோசிக்க முன்னர் ஒரு சோதனை. ஆள் நடமாட்டமில்லாத, காய்ந்த தார்த் தளத்தில் 40 கிலோமீற்றர் வேகத்தில் பெடலை முழுப் பலத்தோடு மிதியுங்கள். சில்லு பூட்டிக்கொண்டு இழுபட்டால், உங்கள் பிறேக்கின் பலம் ரயரின் பிடியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் கார் ஓர் அடிகூட முன்னதாக நிற்காது. காசை ரயரில் போடுங்கள். ரயரின் பக்கவாட்டில் DOT எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ரயரின் பூ (தேயும் மேல் வரிகள்) நன்றாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய இறப்பர் கல்லாகியிருக்கும்.

சில்லு பூட்டவில்லையா? அப்போதும் குற்றவாளி ட்ரம் அல்ல, பெரும்பாலும் பராமரிப்பு. பெடல் சொல்வதைக் கேளுங்கள். முதல் மிதிக்கு ஆழமாகப் போய், உடனே இரண்டாம் மிதிக்கு மேலே வந்தால் ஷூ அட்ஜஸ்ட் பண்ணவில்லை. பஞ்சு மாதிரி அமுங்கினால் பிறேக் குழாயில் காற்று. மிதித்துப் பிடித்திருக்க மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவு இல்லாத பட்சத்தில், பெடல் தள்ளி ஒயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் சீல். கால் எடுத்த பிறகும் ஒரு முன் சில்லு மட்டும் விடாமல் பிடித்திருந்தால் அந்தப் பக்கத்து இறப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். வெளியே பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும், ஏமாறாதீர்கள். மைனரில் ஹோஸ் மூன்று: முன்னால் இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று. மாற்றினால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஷூ அட்ஜஸ்ட் பண்ண, முன்பக்க ட்ரம்மில் இரண்டு திருகி, பின்பக்க ட்ரம்மில் ஒன்று. ஹப் கப்பைக் கழற்றி, ட்ரம்மில் உள்ள துளை திருகிக்கு நேரே வரும்வரை சில்லைச் சுற்றுங்கள். ட்ரம் இறுகும்வரை திருகி, பிறகு சில்லு சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். பெடலை ஒருமுறை பலமாக மிதித்து ஷூ நடுவே அமர்ந்த பின் மறுபடி பாருங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். பிறேக் குழாயிலுள்ள காற்றை எடுக்கும்போது நான்கு ட்ரம்மையும் இறுக்கியே வையுங்கள், சிலிண்டருக்குள் அடைபடும் காற்று குறையும். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள காரில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை. ஒரு லீற்றர் பிறேக் ஒயில் கையில் இருந்தால் பழையதை முழுவதும் தள்ளிவிடலாம்.

பிறேக் ஒயில் டொட் 4 (DOT 4) தரம் போதும். புதிதில் அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரத்தை உறிஞ்சிய நிலையில் 155 வரை விழலாம். நம் காலநிலையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது ஆடம்பரம் அல்ல. டொட் 5 சிலிக்கோன் வகை. மற்றதோடு கலக்கக் கூடாது. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் டொட் 5.1 சிலிக்கோன் அல்ல, கடையில் குழம்ப வேண்டாம். ஒயில் ஊற்றும் மூடி ஓட்டுநரின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே இருக்கிறது. கண்ணில் படாத இடம் என்பதால் வருடக்கணக்காக யாரும் திறந்தே பார்க்காத கார்களும் ஓடுகின்றன.

பின் ஷூவில் கியர் ஒயில் பட்டிருந்தால் பெற்றோலில் கழுவிப் போடுகிற வேலை வேண்டாம். லைனிங் உறிஞ்சிய ஒயில் சூடேறியதும் திரும்ப வெளியே வரும். இரண்டு பக்கத்து ஷூவையும் மாற்றி, பின் அச்சின் ஒயில் சீலையும் மாற்றி, அச்சின் மேலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைபட்டால் உள் அழுத்தம் புதுச் சீலையும் தள்ளும். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ட்ரம் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பிறேக் போதவில்லை என்றால், போதாதது சூட்டைத் தாங்கும் சக்தி. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் உயரத்தில் ஏறத்தாழ 1,400 மீற்றர் குறைகிறது. ஆட்களோடு 1,050 கிலோ உள்ள மைனர் அந்த இறக்கத்தில் கழிக்க வேண்டிய சக்தி சுமார் 14 மெகாஜூல். 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஐம்பது தடவைக்கு மேல் முழுதாக நிறுத்துவதற்குச் சமம். இரண்டாம் கியர் இதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். மேல் கியரில் பிறேக்கைத் தொட்டபடியே இறங்கினால் எல்லாம் அந்தச் சின்ன ட்ரம்மின் தலையில். சூடேறிய ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் நீளும். டிஸ்க் விரிந்தால் பாட் பக்கமாக வரும், அத்தோடு வெளிக்காற்றிலேயே சுழல்கிறது. டிஸ்க்கின் உண்மையான ஆதாயம் இங்கேதான். பெடல் கல்லாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறித் தோற்றது. பெடல் திடீரென்று தரைவரை போனால் ஒயில் கொதித்தது. இரண்டாவதை டிஸ்க் போட்டும் தீர்க்க முடியாது, ஒயிலை மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே ஆட்களோடு அடிக்கடி மலை இறங்குபவர், அல்லது பெரிய இன்ஜின் போட்டவர், மேலே போகலாம். 7 அங்குலக் காருக்கு முதற்படி 1098இன் 8 அங்குல முன் ட்ரம். பின்தட்டு, ஷூ, சிலிண்டர், ட்ரம் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக எடுக்க வேண்டும். தோற்றமும் மாறாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் டிஸ்க்: மொறிஸ் மரினாவின் பாகங்களைக் கொண்டும் செய்கிறார்கள், தனிக் கிற்றுகளும் கிடைக்கின்றன.

டிஸ்க் போட்டு ஏமாறுபவர்கள் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரில்தான் வழுக்குகிறார்கள். ட்ரம்முக்காக அதன் உள்ளே ஒரு வால்வு இருக்கிறது. குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும். அதை விட்டுவிட்டு டிஸ்க்கை இணைத்தால் பாட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், சில்லு கொதிக்கும். அதை எடுத்தாலும் இன்னொரு சிக்கல்: சிலிண்டர் காரின் தரைக்குக் கீழே, பாட்டை அழுத்தும் கலிப்பரை விடத் தாழ்வாக இருப்பதால் ஒயில் பின்வாங்கலாம். அதைத் தடுக்க, முன் சில்லுகளுக்குப் போகும் குழாயில் 2 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வால்வு போடுவார்கள். இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத கிற்றை வாங்காதீர்கள்.

டிஸ்க்குக்குத் தன்னை இழுத்துக்கொள்ளும் குணம் கிடையாது, பெடல் கனக்கும். பூஸ்டர் கால் பலத்தைக் குறைக்குமே தவிர பிறேக்கின் சூடு தாங்கும் சக்தியைக் கூட்டாது. மாஸ்டர் சிலிண்டரின் அளவை மாற்றும்போதும் கணக்குப் பாருங்கள்: முக்கால் அங்குலத்திலிருந்து எட்டில் ஏழு அங்குலத்துக்கு, அதாவது 0.875க்குப் போனால் பரப்பு 36 சதவீதம் கூடும். பெடல் பயணம் குறையும், மிதிக்க வேண்டிய பலம் அதே 36 சதவீதம் ஏறும். பின் ட்ரம்மின் சிலிண்டரைப் பெரிதாக்கும் யோசனையைத் தொடவே வேண்டாம். பின் சில்லு முதலில் பூட்டினால் கார் சுழலும்.

ஒரே தொகைக்கு டிஸ்க்கா, இரட்டைச் சுற்று (ஒயிலுக்கு இரண்டு தனி வழியுள்ள) மாஸ்டர் சிலிண்டரா என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன். மைனரில் ஒரே சுற்றுத்தான்: எந்த இடத்தில் ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சில்லும் போய்விடும், மிஞ்சுவது பின் சில்லைப் பிடிக்கும் ஹாண்ட் பிறேக் கேபிள் மட்டும். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றும்போது அதன் போல்ட்கள் முன் டோர்ஷன் பாரில் (முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலைசெய்யும் முறுக்குக் கம்பி) முட்டி வெளியே வராது. பாரை விலக்க நேரமும் ஒதுக்கி வையுங்கள். திரும்பப் பூட்டியதும் பெடலில் சில மில்லிமீற்றர் வெற்றசைவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயில் திரும்பும் துளை மூடியே இருக்கும். ஓட ஓடச் சூடேறி, பிறேக் தானாகவே பிடிக்கத் தொடங்கும்.