லெஸ்டரில் வாங்கி, பழங்காநத்தத்தில் விற்றது

பழைய போர் விளையாட்டுப் பெட்டிகளையும் உலோகப் பொம்மை வீரர்களையும் மதுரையில் உட்கார்ந்துகொண்டு விற்க முடியுமா என்றால், முடியும். ஆனால் மதுரையில் வாங்க ஆள் கிடையாது. உள்ளூரில் அதற்கு இருப்பது பழைய பேப்பர் கடை விலையும் பழைய இரும்புக் கடை விலையும்தான். வாங்குபவர் பெங்களூரில் இருப்பார், மும்பையில் இருப்பார், இல்லையென்றால் இங்கிலாந்தில் இருப்பார். கண்ணால் பார்க்காத பொருளுக்குப் பணம் அனுப்பப் போகிறவர் அவர். அவருடைய சந்தேகத்தைத் தீர்ப்பதற்குத்தான் வேலையில் முக்கால்வாசி போகும்.

பெட்டிகள் என் தாய்மாமாவுடையவை. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து பனியன் மில் ஒன்றில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவர், 1998இல் குடும்பத்தோடு ஊர் திரும்பும்போது கப்பலில் போட்டுக் கொண்டுவந்தது. இப்போது கோவையில் மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவாகி, பழங்காநத்தம் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலைமை. மாமா வாங்கியதெல்லாம் அட்டையும் காகிதமுமான அமெரிக்க விளையாட்டுகள்: அவலான் ஹில், எஸ்.பி.ஐ. கம்பெனிச் சரக்கு. மாமா மகன், என் மச்சான், பள்ளிக்கூட வயதில் சேர்த்தது வார்ஹாமர் என்ற போர் விளையாட்டின் பொம்மைகள். மச்சான் இப்போது கனடாவில். போனில் கேட்டதற்கு, “வித்துருங்க மாப்ள, எனக்கு எதுவும் வேணாம்” என்று முடித்துவிட்டான்.

முதலில் விலை. இணையத்தில் தேடினால் ஒரே பொருளுக்கு நூறு டாலரும் வரும், ஆயிரம் டாலரும் வரும். மாமா ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டார். அது ஒருவர் கேட்கிற விலை, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ என்று தனியாக வடிகட்டிப் பார்க்கிற வசதி இருக்கிறது. நமக்கு வேண்டியது அதில் வரும் தொகைதான். ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டுவிட்டாலும், அமெரிக்க, இங்கிலாந்துத் தளங்களை இங்கிருந்து பார்ப்பதில் தடையில்லை. அப்படிப் பார்த்ததில் மாமாவின் செல்லமான ‘ஸ்குவாட் லீடர்’ (1977) முகத்தில் கரியைப் பூசியது. ஏராளமாக அச்சடித்து விற்ற விளையாட்டு அது, உலகம் முழுக்கப் பரண்களில் கிடக்கிறது. வயதுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்பதை மாமாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

எஸ்.பி.ஐ. சரக்கின் நிலைமை வேறு. அந்தக் கம்பெனி 1982இல் டி.எஸ்.ஆர். என்ற இன்னொரு விளையாட்டுக் கம்பெனியின் கைக்குப் போய் முடிந்துவிட்டது. அவர்கள் போட்ட விளையாட்டுகளில் பல அதற்குப் பிறகு அச்சாகவே இல்லை. ‘ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்’ என்று அவர்களுடைய ஒரு பத்திரிகை, இதழுக்கு ஒரு விளையாட்டு உள்ளேயே இருக்கும். அதில் சில இதழ்களில் காய்கள் அச்சடித்த அட்டையிலிருந்து காய்களை மாமா பிரிக்கவே இல்லை. வாங்குபவர்கள் இதை ‘அன்பஞ்ச்டு’ என்கிறார்கள். காய்கள் அட்டையோடு அட்டையாக இருந்தால் எதுவும் தொலைந்திருக்காது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதனால் விளையாடித் தேய்ந்த பெட்டியைவிடத் தொடாத இதழ் நல்ல விலைக்குப் போனது. விளையாடவே செய்யாதவனுக்குத்தான் அதிகக் காசு என்பது எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

பிரித்த பெட்டிகளை எண்ணியே ஆக வேண்டும். ‘முழுசா இருக்கா?’ என்பதுதான் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. முறுக்கு பிழிந்து வைக்கும் தாம்பாளத்தில் ஒவ்வொரு பெட்டியாகக் கொட்டி, விரல் நகம் அளவுக் காய்களை நிறம் நிறமாகப் பிரித்து, இணையத்தில் கிடைத்த காய்ப் பட்டியலோடு ஒப்பிட்டோம். ஃபேனைப் போட முடியாது, பறந்துவிடும். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் ஜெர்மன் காலாட்படையை எண்ணுவது என்ன மாதிரி வேலை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சில காய்க் கட்டுகளில் ரப்பர் பேண்டு உருகி ஒட்டிப்போயிருந்தது. உரித்தால் காயின் முகத்தில் பழுப்புக் கோடு. ஒரு விதிப் புத்தகத்தின் நடுப்பக்கங்களை ராமபாணப் பூச்சி துளைத்திருந்தது. இதையெல்லாம் மறைக்காமல் போட்டோ எடுத்துப் போட்டோம். குறையைக் காட்டிய பெட்டிகளுக்கு யாரும் அதிகமாகப் பேரம் பேசவில்லை. ‘நல்ல நிலையில்’ என்று மட்டும் எழுதியவற்றுக்குத்தான் கேள்வி மேல் கேள்வி வந்தது.

இனி பொம்மைகள். மச்சானுடைய சேகரிப்பு மர பீரோவின் இரண்டு இழுப்பறைகளில் இருந்தது. மேல் இழுப்பறையில் பிளாஸ்டிக் வீரர்கள். பூச்சி வராமல் இருக்க அத்தை வருஷாவருஷம் பாச்சா உருண்டை போட்டிருக்கிறார். பாச்சா உருண்டையில் இருக்கும் நாப்தலீன், இந்தப் பொம்மைகள் செய்யும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். உருண்டைக்குப் பக்கத்தில் கிடந்தவர்களின் ஈட்டியும் கேடயமும் ஒன்றோடொன்று ஒட்டி, முகம் வழுவழுவென்று ஆகியிருந்தது. “துணிக்குத்தானேப்பா போடுறோம், இதுக்கு என்ன ஆகும்?” என்றார் அத்தை. அவர் மேல் தப்பில்லை, பாக்கெட்டில் யாரும் அப்படி எழுதி வைப்பதில்லை.

கீழ் இழுப்பறையில் உலோகப் பொம்மைகள். பணம் இங்கேதான் இருந்தது. வார்ஹாமர் பொம்மைகள் வருவது சிட்டாடல் என்ற பெயரில். அவற்றில் காலுக்குக் கீழே ஒரு தகடு இருக்கும், அதைத்தான் அடிப்பீடத்தின் பள்ளத்தில் செருகுவார்கள். 1980களின் நடுவிலிருந்து வந்தவற்றில் அந்தத் தகட்டில் பெயரோ ஆண்டோ வார்த்திருக்கும். சேகரிப்பவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தத் தகட்டின் போட்டோவைத்தான் கேட்டார்கள். நகல் வார்ப்புகள் அவ்வளவு நடமாடுகின்றன. அடுத்த கேள்வி, காரீயம் கலந்ததா இல்லையா. 1990களின் பிற்பகுதியில், வார்ஹாமரை வெளியிடும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் காரீயம் இல்லாத கலவைக்கு மாறிவிட்டது. பழையதை வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடு மாதிரி சாம்பல் தடம் விழும், வாளும் ஈட்டியும் சுலபமாக வளையும். சிலவற்றில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் கசியும் அமில ஆவி காரீயத்தை அரிப்பதால் வருவது அது. தொட்டால் கை கழுவ வேண்டும், குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. அந்தப் பூப்பு உள்ளவற்றை விற்பனையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிட்டோம்.

மச்சான் பன்னிரண்டு வயதில் அடித்த பெயின்ட்டை என்ன செய்வது? விளாச்சேரியில் கொலு பொம்மைக்கு வர்ணம் தீட்டும் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டினேன். “அடிச்சுத் தர்றேன்ணே, ஆனா வாங்குறவங்க கிட்ட கேட்டுட்டு வாங்க” என்றார். கேட்டேன். வேண்டவே வேண்டாம், பழைய பெயின்ட்டை எடுத்தால் போதும் என்றார்கள். அதற்கு இங்கிலாந்துக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் வைத்தியம் டெட்டால். தண்ணீர் கலக்காமல் பாட்டிலில் இருக்கிறபடியே ஒரு மூடிபோட்ட டப்பாவில் ஊற்றி, பொம்மையை ஒரு நாள் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தேய்த்து முடிக்கும்வரை தண்ணீர் படக் கூடாது. பட்டால் இளகிய பெயின்ட் பிசினாகி உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும். மறுபடி டெட்டாலிலேயே அலசி, அப்புறம்தான் பாத்திரம் விளக்கும் சோப்பு, தண்ணீர். கையுறை கட்டாயம். நகப் பூச்சு நீக்கும் திரவத்தைப் பிளாஸ்டிக் பொம்மைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வேலை நடந்த வாரம் முழுக்க அத்தை வாசல் திண்ணையில்தான் காப்பி குடித்தார்.

பெயின்ட் போனதும் கிழ மந்திரவாதி ஒருவரின் தாடியில் முடி முடியாகக் கோடு தெரிந்தது, இடுப்புக் கயிற்றில் ஒரு குட்டித் தவளை தொங்கியது. அத்தனை வருஷமும் அது பச்சைப் பெயின்ட்டுக்குள் கிடந்திருக்கிறது. சுண்டு விரல் உயர அந்த ஒரு பொம்மை 2,800 ரூபாய்க்குப் போனது. பெட்டி நிறையச் சாமான் இருந்த ‘ஹீரோ குவெஸ்ட்’ என்ற பலகை விளையாட்டு 5,000 ரூபாய்க்கே இழுபறி. 1989இல் வந்த அந்த விளையாட்டு 2021இல் மறுபடி கடைக்கு வந்துவிட்டது. விளையாட நினைப்பவர் புதியதைத்தான் வாங்குவார். பழையதைத் தேடுபவர் சின்ன வயதில் அதை வைத்திருந்தவர், அவருக்கு பெட்டியில் வரும் குட்டி மேஜை அலமாரியில் ஒட்டும் எலியும் மண்டையோடும்கூடச் சரியாக இருக்க வேண்டும். எங்களிடம் எலி குறைந்தது.

மறுபதிப்பு இப்படித்தான் விலையைக் கவிழ்க்கிறது. 1983இல் தொடங்கிய வார்ஹாமர் ஃபேன்டஸியை 2015இல் நிறுத்தினார்கள். நிறுத்தியதும் பழைய படைகளுக்குத் தேடல் கூடியது. 2024 ஜனவரியில் ‘ஓல்டு வேர்ல்டு’ என்று அதே உலகத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது பிரெட்டோனியா, டூம் கிங்ஸ் என்ற இரண்டு படைகள்தான் முதலில் கடைக்கு வந்தன. மச்சானிடம் அதிகம் இருந்ததும் பிரெட்டோனியாதான். “ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்று மாமா என்னைக் கேட்டார். இந்தப் பொம்மைகள் இருப்பதே எனக்கு வீடு காலி செய்யும்போதுதான் தெரியும்.

அனுப்புகிற வேலைக்கு இரண்டு விஷயம். இலவம் பஞ்சு வேண்டாம், மெல்லிய வாள்களில் சிக்கிப் பிடுங்கும். குஷன் கடையில் வாங்கிய ஃபோமில் பிளேடால் குழி வெட்டிப் பொம்மைகளைப் படுக்கவைத்தோம். வெளிநாட்டுக்கு விற்பனை என்று அனுப்பினால் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி மாமா பெயரில் எடுத்தேன். பணம் பேபால் வழியாக வந்தது. உள்நாட்டுப் பரிமாற்றத்தை அது 2021இல் நிறுத்திவிட்டதால் பெங்களூர்க்காரர்களிடம் யூ.பி.ஐ.தான். சுங்கப் படிவத்தில் மாமா தன் கையால் ‘உலோக உருவங்கள்’ என்று எழுதியதைப் பார்த்த அஞ்சலகப் பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்தார். சிலைக் கடத்தல் செய்தி அடிக்கடி வருகிற ஊர். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. பெட்டியைத் திறந்து பூதத்தையும் குள்ளனையும் காட்டியதும் சிரித்துவிட்டார். ‘விளையாட்டுப் பொம்மைகள்’ என்று திருத்தி, ஆண்டையும் சேர்த்து எழுதச் சொன்னார். அவர் கேட்டது நியாயம்தான்.

கடைசியில் ‘ஸ்குவாட் லீடர்’ மட்டும் போகவில்லை. வந்த விலைக்குக் கொடுக்க மாமா சம்மதிக்கவில்லை. மற்றதெல்லாம் சேர்ந்து, வீட்டுச் சாமான்களைக் கோவைக்கு ஏற்றிய லாரி வாடகையைக் கட்டி மேலே கொஞ்சம் மிஞ்சியது. ‘எனக்கு எதுவும் வேணாம்’ என்ற மச்சான், மந்திரவாதி போன விலையைக் கேட்டதும் தன் பங்கு எவ்வளவு என்று விசாரித்தான். அத்தை போனை வாங்கி, “எம்புட்டு வருஷமா எங்க பீரோல வெச்சிருந்த? அதுக்கு வாடகை இருக்குல்ல” என்றார்.