குதிரை வயிற்றில் குருவிகள்

மாட்ரிட் போகிறவர்களுக்கு முதல் வேலையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளாசா மயோர் சதுக்கத்துக்குள் போட்டிருக்கும் நாற்காலிகளில் உட்காராதீர்கள். ஒரு காபி, ஒரு தண்ணீர் பாட்டில், நான் கேட்காமலே வந்த ஒரு கிண்ணம் ஆலிவ் காய். பில் 14 யூரோ! ஆலிவ் சும்மா தருகிறார்கள் என்று நம்பிக் கொறித்தது என் தப்பு. உள்ளே நின்றபடி குடித்தால் ஒரு விலை, வெளியே உட்கார்ந்தால் வேறு விலையாம். விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது பணம் கொடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. அன்றைய சாப்பாட்டுக்கு நான் ஒதுக்கியதே 20 யூரோ. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் வந்தபோது டிக்கெட்டுக்கு மேல் 3 யூரோ தனியாகப் பிடுங்கிய எரிச்சலே இன்னும் அடங்கவில்லை.

சரி, கொடுத்த காசுக்கு உட்கார்ந்தாவது தீர்ப்போம் என்று ஒரு மணி நேரம் அசையவில்லை. சுற்றிலும் சிவப்புச் சுவர், 237 பால்கனிகள், நடுவில் குதிரை மேல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பெலிப்பே, வெண்கலச் சிலையாக. இந்தச் சதுக்கத்தைக் கட்டவைத்தவரே அவர்தான். இத்தாலியின் ஃபிளாரன்ஸில் சிற்பி ஜாம்போலோனியா தொடங்கிய சிலை இது. அவர் இறந்த பிறகு சீடர் பியேத்ரோ தாக்கா முடித்துக் கொடுத்தார். 1616-இல் மாட்ரிட் வந்து, காசா தெ காம்போ தோட்டத்தில் நின்றிருந்துவிட்டு, 1848-இல்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

உண்மையைச் சொன்னால் மன்னர் முகத்தில் ஒன்றுமில்லை. குதிரைதான் கம்பீரம். அப்போது ஒரு வழிகாட்டி தன் கூட்டத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். அவர் சொன்னதை ஓசியில் கேட்டேன். குதிரையின் வாய் முன்பு திறந்திருந்ததாம். சிட்டுக்குருவிகள் அதற்குள் புகுந்துவிடும். திரும்பி வர வழி தெரியாது. 1931-இல் குடியரசு வந்தபோது, மன்னராட்சி மேல் இருந்த கோபத்தில் யாரோ அந்த வாய்க்குள் வெடியைப் போட்டார்கள். வயிறு பிளந்து கொட்டியதெல்லாம் குட்டிக் குட்டி எலும்புகள். சிலையைச் சரிசெய்தபோது வாயை அடைத்துவிட்டார்களாம். கிட்டே போய்ப் பார்த்தேன், மூடித்தான் இருக்கிறது. எத்தனை வருடக் குருவிகளோ! அதற்கப்புறம் மன்னரை நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பசி. சதுக்கத்தின் வளைவைத் தாண்டி வெளியே வந்ததும் ஒரு சின்னக் கடையில் கணவாய் ரொட்டி வாங்கினேன், நாலரை யூரோ. வளையம் வளையமாக வெட்டிப் பொரித்த கணவாயை நீள ரொட்டிக்குள் திணித்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். வெங்காயம் கிடையாது, மசாலா கிடையாது. மேலே எலுமிச்சை பிழிந்து நின்றபடியே தின்றேன். மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று, கொஞ்சம்கூட ரப்பர் மாதிரி இழுக்கவில்லை. கடலே இல்லாத ஊரில் இது எப்படி! இன்னொன்று வாங்கக் கை போனது, பர்ஸ் தடுத்தது.

எப்படிப் போவது என்று சொல்ல மறந்தே போனேன். சோல் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பிளாசா மயோர் நடக்கிற தூரம்தான். அங்கிருந்து அரண்மனைப் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் பிளாசா தெ ஓரியேந்தே. டிக்கெட் எடுக்காதீர்கள், நடங்கள்.

அங்கே மகன் நான்காம் பெலிப்பேயின் சிலை. அதே தாக்கா செய்தது, 1640. இந்தக் குதிரை பின்னங்கால் இரண்டில் மட்டும் எழும்பி நிற்கிறது! அத்தனை வெண்கலமும் முன்னால் கவிழாமல் எப்படி நிற்கும்? கணக்குச் சொன்னவர் கலிலியோ என்கிறார்கள். பின்பாதியைக் கெட்டியாகவும் முன்பாதியை உள்ளே பொள்ளலாகவும் வார்த்திருக்கிறார்கள். வாலும் கீழே ஊன்றித் தாங்குகிறது. நான் நாலு பக்கமும் சுற்றி, வாலுக்கு நேர் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவின் சிலையைவிட இதுதான் ஒரு படி மேல். காசும் கேட்கவில்லை, ஆலிவும் தரவில்லை.

இரவுக்கு மிச்சம் இருந்தது ஒன்றரை யூரோ. அறையில் வாழைப்பழமும் ரொட்டியும்.