காற்றும் மேகமும்: ஒரு படத்தைச் சுற்றிய சில நாட்கள்

மார்ச் 1, 2025, சனி

நேற்றிரவு நால்வராக அமர்ந்து ‘தி ஸ்டார்ம் ரைடர்ஸ்’ பார்த்தோம். ஆண்ட்ரூ லாவ் இயக்கத்தில் 1998-இல் வெளிவந்து, அந்த ஆண்டின் ஹாங்காங் படங்களில் வசூலில் முதலிடம் பிடித்த படம் அது. மா விங்-ஷிங் 1989-இல் வரையத் தொடங்கிய ‘ஃபுங் வான்’ என்னும் காமிக்ஸ் தொடரிலிருந்து எடுக்கப்பட்டது. ‘ஃபுங்’ என்றால் காற்று, ‘வான்’ என்றால் மேகம். இரண்டும் சேர்ந்தால் கொந்தளிப்பான காலம் என்ற பொருளும் வந்துவிடுகிறது. கதாநாயகர்கள் இருவரின் பெயர்களும் அவைதாம்.

படம் முடிந்தபோது நால்வரிடமும் நான்கு கருத்துகள் இருந்தன. சண்டைப் படம் என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டுக் கிராபிக்ஸ் படம் காட்டிவிட்டதாக மைத்துனர் குறைபட்டுக்கொண்டார். அண்ணன் மகனோ, சித்தப்பா, இந்தக் கிராபிக்ஸைப் பழைய வீடியோ கேமில்கூட வைக்க மாட்டார்கள் என்று சிரித்தான். காமிக்ஸை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்திருந்த நண்பர் மட்டும் எதுவும் சொல்லாமல் வெகுநேரம் இருந்துவிட்டு, “பாதிக் கதையைக் காணோம், ஆனாலும் அவர்களை நேரில் பார்த்த மாதிரி இருந்தது” என்றார். எனக்குப் பாதிக்கு மேல் யார் யாருக்கு என்ன உறவு என்பதே விளங்கவில்லை. வில்லனாக நடித்த சானி சிபா திரையில் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதைத் தவிர என் கருத்து என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. பேச்சு ஒரு மணி வரை நீண்டதால், அதை இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

மார்ச் 2, ஞாயிறு

கதையை ஒருமுறை எழுதிப் பார்த்தால்தான் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும்.

ஹுங் பா என்னும் தலைவன் உலகத்தையே தன் காலடியில் கொண்டுவர நினைக்கிறான். காற்று, மேகம் என்ற பெயருடைய இரு சிறுவர்கள் கிடைத்தால் அவன் ஏற்றம் பெறுவான் என்று ‘மண் புத்தர்’ எனப்படும் குறிசொல்லி அவனுக்குச் சொல்கிறார். அவன் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பிடித்துச் சீடர்களாக வளர்க்கிறான். இருவரும் தந்தையை இழந்ததற்குப் பின்னால் அவன் கை இருக்கிறது. ஆண்டுகள் கழித்து, அதே இருவரால்தான் தனக்கு வீழ்ச்சி என்பது குறியின் மறுபாதியிலிருந்து அவனுக்குத் தெரியவருகிறது. உடனே அவர்களுக்குள் பகை மூட்ட, தன் மகளையே அவன் பகடையாக்குகிறான்.

இந்த அளவில் இது மிக எளிய கதை. விதியைத் தடுக்கப் போய், அந்தத் தடுப்பினாலேயே விதியை வரவழைத்துக்கொள்ளும் அரசர்களை நம் புராணங்களில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். கம்சனுக்கு ஹுங் பாவைக் கண்டால் அடையாளம் தெரிந்திருக்கும். சிக்கல் கதையில் இல்லை, அதன்மேல் ஏற்றிவைத்த சுமையில்தான் இருக்கிறது. சீனாவின் லெஷான் மலைப் புத்தர் சிலையருகே ஒரு வாள் சண்டை, நெருப்பைக் கக்கியபடி வரும் கிலின் என்னும் விலங்கு, கையை இழந்த மேகத்துக்கு இன்னொருவரின் கை பொருத்தப்படுவது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கொண்ட வாள்கள் என்று பல ஆண்டுகள் தவணை தவணையாக வந்த நிகழ்ச்சிகளை எல்லாம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் அடுக்கியிருக்கிறார்கள். காமிக்ஸ் படித்தவருக்கு இவை ஒவ்வொன்றும் தெரிந்த முகம். படிக்காதவருக்கோ, பெயர் தெரியாத உறவினர்கள் நிறைந்த கல்யாண வீட்டுக்குள் நுழைந்த நிலைதான்.

மார்ச் 5, புதன்

அண்ணன் மகனின் சிரிப்பு இரண்டு நாட்களாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று அவனிடம் 1998-ஐப் பற்றிக் கொஞ்சம் பேசினேன்.

ஆசிய நிதி நெருக்கடி அப்போது அடித்துக்கொண்டிருந்தது. திருட்டு விசிடிகளால் ஹாங்காங் திரையரங்குகள் காலியாகிக்கொண்டிருந்தன. முந்தைய ஆண்டின் கடைசியில் வந்த ‘டைட்டானிக்’ அங்கே பத்துக் கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டி வசூலித்திருந்தது. அந்தச் சூழலில், கயிறு கட்டிப் பறப்பதில் உலகத்துக்கே பாடம் எடுத்த ஒரு திரையுலகம், இனிக் கயிறு மட்டும் போதாது என்று முடிவுசெய்து, சென்ட்ரோ டிஜிட்டல் என்னும் உள்ளூர் நிறுவனத்திடம் கணினி வேலையை ஒப்படைத்தது. படம் நான்கு கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் ஈட்டியது. அன்று திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, தங்கள் ஊர்ப் படத்தில் இப்படியொரு காட்சியைப் பார்ப்பதே ஒரு பெருமையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்ன பதில் நியாயமானது: “அவர்கள் பாடுபட்டது சரி, சித்தப்பா. அதற்காக அந்த நெருப்பு மிருகம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமா?” வேண்டியதில்லை. அந்தக் கிலின் உண்மையிலேயே மோசம். அதன் நெருப்புக்கும் அது நிற்கும் தரைக்கும் சம்பந்தமே இல்லை. காலத்தைச் சொல்லி ஒரு படத்தைப் புரிந்துகொள்ளலாமே தவிர, பிடிக்கவைக்க முடியாது.

மார்ச் 8, சனி

நண்பர் தம்மிடமிருந்த தொகுதிகளில் மூன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மாலை முழுவதும் அவற்றோடு போயிற்று.

மா விங்-ஷிங்கின் பக்கங்களை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு, இது காமிக்ஸா, ஓவியக் கண்காட்சியா என்று ஐயம் வரும். முகங்களிலும் துணி மடிப்புகளிலும் தூரிகை அவ்வளவு நுணுக்கமாக இழைந்திருக்கிறது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சண்டைப் பக்கத்தை. காற்றின் திறமை உதைப்பதில். மேகத்தின் திறமை உள்ளங்கை வீச்சில். ஒரு சித்திரக் கட்டத்தில் காற்று தன் காலை உயர்த்தி அந்தரத்தில் நிற்கிறான், கூந்தல் ஒரு பக்கமாக அலைகிறது. அடுத்த கட்டத்தில் எதிராளி தூள் பறக்கச் சரிந்துகிடக்கிறான். உதை உடம்பில் விழும் கணம் எந்தக் கட்டத்திலும் வரையப்படவில்லை. பக்கத்தைத் திருப்பி மறுபடி தேடினேன், இல்லை. நடுவில் அந்த வீச்சின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் நிற்கிறது.

மைத்துனரின் குறைக்கு விடை இந்தப் பக்கத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது. கைக்குக் கை, அடிக்கு அடி என்று எண்ணிப் பார்க்கும்படியான சண்டையை அவர் படத்தில் தேடினார். அது மூலத்திலேயே கிடையாது. இங்கே சண்டை என்பது முதலில் ஒரு நிலை, அப்புறம் ஒரு பெயர், கடைசியில் ஒரு விளைவு. படத்தில் வரும் நீரும் புகையும் ஒளியும் அந்த இடைவெளியை நிரப்பச் செய்த முயற்சிதான். சண்டை தெரியாதவர்கள் செய்த வேலை என்றும் சொல்ல முடியாது. சண்டை அமைப்பாளர் டியோன் லாம் அந்தத் துறையிலேயே ஊறியவர்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்றைய கண்டுபிடிப்பை மைத்துனரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் அசையவில்லை. “புத்தகத்தில் இல்லை என்பதால் படத்திலும் வேண்டாமா மாப்பிள்ளை? புத்தகத்தில் சத்தமும்தான் இல்லை, படத்தில் சேர்த்தார்களே” என்றார். இதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

மார்ச் 12, புதன்

நண்பரோடு தொலைபேசியில் நீண்ட பேச்சு. அவருடைய வருத்தம் வேறு வகையானது. ஹுங் பாவின் மூன்று சீடர்களில் ஒருவனுக்குக் காற்றின் உதை, ஒருவனுக்கு மேகத்தின் கை, மற்றவனுக்கு உறைபனியின் குத்து என்று ஆளுக்கொரு கலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மூன்றையும் இணைக்கும் வித்தையை மட்டும் ஆசான் தனக்குள் வைத்துக்கொள்கிறான். சீடர்கள் யாரும் தன்னை மிஞ்சிவிடாதபடி பாடத்திலேயே பூட்டுப் போட்ட ஆசான் அவன். இந்தத் தந்திரத்தைக் காமிக்ஸ் நிதானமாக, பல அத்தியாயங்களில் ஊற வைக்கிறது என்றும், படத்தில் உறைபனிச் சீடன் கல்யாணச் சாட்சிக்கு வந்தவன்போல நின்றுவிட்டுப் போய்விடுகிறான் என்றும் அவர் சொன்னார்.

பெண் பாத்திரங்களைப் பற்றி நான் கேட்டேன். கிறிஸ்டி யாங் ஏற்ற ஹுங் பாவின் மகள் இரு நாயகர்களுக்கும் இடையில் சிக்கி உயிரை விடுவதற்காகவே வருகிறாள். அவள் யாரை விரும்பினாள் என்பதை அவளே சொல்லும் காட்சி எனக்கு நினைவில்லை. இன்னொரு நடிகை ஷு ச்சி வரும் பகுதியும் அப்படித்தான். காமிக்ஸிலும் இந்த விஷயத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று நண்பர் ஒப்புக்கொண்டார். கதையைச் சுருக்கியதால் வந்த குறைகள் ஒரு பக்கம், மூலத்திலிருந்தே தொற்றிக்கொண்ட குறைகள் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

2009-இல் பாங் சகோதரர்கள் எடுத்த இரண்டாம் பாகத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. அதைப் பற்றி இருவருக்குமே அதிகம் பேசத் தோன்றவில்லை.

மார்ச் 15, சனி

இரண்டாம் முறை பார்த்தேன், தனியாக. இம்முறை கதை தெரிந்திருந்ததால் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது.

காற்றாக வரும் ஏக்கின் செங் இப்போதும் எனக்கு மரமாகத்தான் தெரிகிறார். அமைதியான நாயகன் என்பதற்கும் உணர்ச்சியே இல்லாத நாயகன் என்பதற்கும் உள்ள எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. மேகமாக வரும் ஏரன் குவோக்குக்குப் பேச்சு குறைவு. மேலங்கியும் சுருள் முடியும் அவருக்காகப் பாதி நடித்துவிடுகின்றன, மீதியை அவர் முறைத்துப் பார்த்தே ஒப்பேற்றிவிடுகிறார்.

வாள் முனிவர் வரும் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஆந்தனி வோங் ஏற்ற அந்த முதியவர் தம் வாழ்நாளின் கடைசி வாள்வீச்சை ஹுங் பாமேல் பிரயோகிக்கிறார். உடல் ஓரிடத்தில் இருக்க, ஆவி மட்டும் எழுந்து நடக்கிறது. சுற்றியிருப்பவை எல்லாம் அப்படியே உறைந்துவிடுகின்றன. ஹுங் பா கண்ணைக்கூட அசைக்க முடியாமல் நிற்க, வாளேந்திய ஆவி நிதானமாக அவனை நோக்கி வருகிறது. ஆனால் உடல் தாங்காததால் ஆவியும் கலைந்துபோகிறது. படத்திலேயே மிகவும் பரபரப்பான இந்தக் காட்சியில் ஏறக்குறைய யாருமே அசைவதில்லை என்பது மூன்றாம் முறை பார்த்தபோதுதான் உறைத்தது. போன வாரம் நான் பார்த்துக்கொண்டிருந்த காமிக்ஸ் பக்கமேதான் அது. ஓர் உருவம் மட்டும் கட்டத்தைவிட்டு இறங்கி நடக்கிறது. இந்தக் காட்சியில் கிராபிக்ஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

ஹுங் பாவாக நடித்த சானி சிபா ஜப்பானியர். கராத்தே கற்றுத் தேர்ந்து, 1970-களில் உலகமெங்கும் அடிதடிப் படங்களால் அறியப்பட்டவர். இந்தப் படத்தில் அவர் பேசும் ஹாங்காங் மொழியான கான்டனீஸ் வேறொருவரின் குரல். குரலும் தம்முடையதல்ல, சுற்றிலும் பாதிப் பொருள்கள் பிறகு கணினியில் சேர்க்கப்பட்டவை என்ற நிலையிலும், அவர் நாற்காலியிலிருந்து எழுந்தால் அறையில் ஏதோ கனமான பொருள் இடம்பெயர்வதுபோல் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

மாலை மைத்துனர் வந்திருந்தார். வேண்டாம் வேண்டாம் என்றவரை உட்காரவைத்து வாள் முனிவர் காட்சியைப் போட்டேன். முடிந்ததும், “இதில் யாருமே அடித்துக்கொள்ளவில்லையே” என்றார். பிறகு தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கிழவர் எழுந்து வரும் இடத்திலிருந்து இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன்.