மைதானத்தில் பையன்கள் தனியாகக் கேட்கும் கேள்வி

ராணுவத்திலும் காவல்துறையிலும் சேர விரும்பும் பையன்களுக்குக் கோவில்பட்டியில் காலை நேரத்தில் ஓட்டமும் கயிறு ஏறுதலும் சொல்லிக்கொடுக்கிறேன். ஓட்டத்தைப் பற்றி எல்லார் முன்னாலும் கேட்பார்கள். இந்த ஒன்றை மட்டும் மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்து, தரையைப் பார்த்தபடி கேட்பார்கள்: "அண்ணே, விதை ஒரு பக்கம் சிறியதாக இருக்கிறது. மெடிக்கலில் தள்ளிவிடுவார்களா?"

விதைகள் (விந்தகங்கள்) இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் யாருக்கும் இருப்பதில்லை. வளர்ந்த ஆணுக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 முதல் 5 செ.மீ. நீளம் இருக்கும், ஒன்று சற்றுப் பெரியதாக இருக்கலாம். பெரும்பாலும் இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து தொங்கும். அதனால் நான் அளவைக் கேட்பதில்லை. "எப்போதிலிருந்து?" என்றுதான் கேட்பேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தச் சிறு வித்தியாசம் மாறாமல் இருக்கிறது, வலியோ கட்டியோ இல்லை என்றால் மனம் ஆறிவிடும். சில மாதங்களாகத்தான் ஒரு பக்கம் சுருங்குகிறது, வீங்குகிறது, கனக்கிறது என்றால் அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். ஒரு பக்கம் பையில் விதையே தட்டுப்படாவிட்டாலும் அப்படித்தான்.

இந்த வயதில் அதிகம் அகப்படுவது வெரிகோசீல். நூறு ஆண்களில் ஏறக்குறைய 15 பேருக்கு இது உண்டு. இடது விதையிலிருந்து மேலே போகும் ரத்தக்குழாய் சிறுநீரகத்தின் ரத்தக்குழாயில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. ரத்தம் பின்வாங்கித் தேங்கினால் அந்த ரத்தக்குழாய்கள் புடைத்து நெளிநெளியாகக் கைக்குத் தட்டுப்படும். நின்றால் தெரியும், படுத்தால் அடங்கும். படுத்தும் அடங்கவில்லை, அல்லது வலப்பக்கம் மட்டும் திடீரென வந்தது என்றால் மருத்துவர் வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்ப்பார். பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. சிலருக்கு அந்த விதை சுருங்கும், விந்தணு குறையும். ராணுவ மருத்துவப் பரிசோதனையில் இதற்காகவும், விதையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் விரைவீக்கத்துக்காகவும் திருப்பி அனுப்புகிறார்கள். மாதக்கணக்கில் ஓடி உழைத்தவன் அந்தக் கடைசி அறையில்தான் முதன்முறையாக இதைக் கேள்விப்படுகிறான் என்பது என்னால் தாங்க முடியாத விஷயம். அதனால்தான் விண்ணப்பிப்பதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு வரச் சொல்கிறேன்.

காத்திருக்கவே கூடாத ஒன்று உண்டு. திடீரென்று ஒரு பக்கம் உயிர்போகிற வலி, வாந்தி, விதை மேலேறி நிற்பது. உள்ளே விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தாமதமாகத் தாமதமாக வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். 12 வயது முதல் 18 வயதுக்குள் இது அதிகம் வருகிறது. அந்த வயதுப் பையன் வெட்கப்பட்டு "வயிற்றுவலி" என்று மட்டும் சொல்வான், அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பார். பெற்றோரே, மகன் அடிவயிற்றில் வலி என்று துடித்தால் கீழேயும் வலிக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

வலி இல்லாத கட்டி இதைவிட ஏமாற்றக்கூடியது. விதைப் புற்றுநோய் இளைஞர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் கண்டுபிடித்தபோது வயது 25. அதற்குள் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அந்த நிலையிலும் குணமானார். தொடக்கத்திலேயே கண்டால் ஏறக்குறைய எல்லாருக்கும் குணமாகும். மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்ததும் ஒவ்வொன்றையும் விரல்களுக்கிடையில் மெல்ல உருட்டிப் பாருங்கள். பின்புறம் மெத்தென்று குழாய் போலத் தட்டுப்படுவது இயல்பானது. விதையின் மேலேயே கடினமாக ஏதாவது இருந்தால் காட்டுங்கள்.

ஜிம்மில் யாராவது உடம்பு ஏற ஊசி கொடுத்தால் வாங்காதீர்கள். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் வந்தால் மூளை விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், இரண்டும் சுருங்கும். பொன்னுக்குவீங்கி வந்த பிறகு சுருங்கியிருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவர் நிற்கவைத்தும் படுக்கவைத்தும் பார்ப்பார், மூச்சை அடக்கி முக்கச் சொல்வார், தேவைப்பட்டால் ஸ்கேன் எழுதுவார். வலி இருக்காது. லுங்கி கட்டிக்கொண்டு போனால் எளிது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், தம்பி, பயிற்சி முடிந்ததும் சொல், நானே கூட வருகிறேன்.