இங்கிலாந்தில் கேட்டரிங் பதிவும் ஒரு பெருங்காய டப்பாவும்

இங்கிலாந்தில் வீட்டுச் சமையலறையிலிருந்தே கேட்டரிங் தொடங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "யார் பெயரில்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். சூடு பட்ட பூனை நான்.

எங்கள் வீட்டில் படிவம் என்றாலே இவர்தான் நிரப்புவார். உணவுத் தொழில் பதிவையும் பழக்க தோஷத்தில் தன் பெயரிலேயே கவுன்சிலுக்கு (உள்ளாட்சி அலுவலகத்துக்கு) அனுப்பிவிட்டார். இவர் இருப்பது ஸ்கில்டு வொர்க்கர் விசாவில், அதாவது ஒரு நிறுவனம் வேலை கொடுத்து வரவழைக்கும் விசாவில். அதில் நினைத்தபடி சொந்தத் தொழில் செய்ய முடியாது. மாணவர் விசாவிலும் அப்படித்தான். அவரைச் சார்ந்தவளாக, டிபென்டன்டாக வந்த எனக்குத் தடை இல்லை. தெரிந்த அக்கா ஒருவர் பேச்சுவாக்கில் விசாரித்ததால் தப்பித்தோம்.

பழையதை ரத்து செய்துவிட்டு என் பெயரில் மறுபடி பதிவு. இதற்குக் கட்டணம் கிடையாது, கவுன்சில் மறுக்கவும் முடியாது. ஆனால் தொழில் தொடங்குவதற்கு 28 நாள் முன்பே பதிந்திருக்க வேண்டும். நாள் கணக்கு முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. அதற்குள் ஒப்புக்கொண்டிருந்த 60 பேர் பிறந்தநாள் விருந்து கைவிட்டுப் போயிற்று. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று நான் யாருடனும் பேசவில்லை, இவருடன் நிச்சயமாகப் பேசவில்லை.

அடுத்தது வாடகை வீட்டுப் பிரச்சினை. ஒப்பந்தத்தில் 'குடியிருக்க மட்டும்' என்று ஒரு வரி இருந்தது. தொழிலுக்குக் காப்பீடு எடுக்கப் போனால், காப்பீட்டு நிறுவனம் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைக் கேட்டது. வீட்டு ஏஜென்ட்டோ காப்பீட்டுப் பத்திரத்தைக் காட்டினால்தான் கடிதம் என்றார். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. நேரில் போனால், "மின்னஞ்சல் அனுப்புங்களேன்" என்றார் அங்கிருந்த பெண், சிரித்த முகமாக. மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில், பணம் கட்டுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனம் தரும் விலைப்புள்ளியை அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அன்றைக்கே கடிதம் வந்துவிட்டது. இதே சுற்றில் மாட்டினால் நீங்களும் அதைச் செய்யுங்கள்.

லெவல் 2 உணவுச் சுகாதாரப் பயிற்சியை ஆன்லைனில் முடித்தேன். வருமான வரித் துறையில் சுயதொழில் பதிவும் சிக்கலில்லாமல் நடந்தது. ஆண்டு விற்பனை 1,000 பவுண்டைத் தாண்டினால் அந்தப் பதிவு கட்டாயம்.

அப்புறம் வந்தது கவுன்சில் ஆய்வு. அதிகாரி முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். நான் முந்தைய நாள் முழுக்கத் தேய்த்துக் கழுவி, பளபளப்பைக் காட்டியே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. நேராக ஒவ்வாமைப் பட்டியலைக் கேட்டார். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களில் எது பதார்த்தத்தில் இருந்தாலும் சட்டப்படி சொல்லியாக வேண்டும். சாம்பாருக்கு நேரே 'எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தேன். பருப்பு, புளி, காய்கறி, இதில் என்ன ஒவ்வாமை?

அவர் அலமாரியிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கோதுமை மாவு. இத்தனை வருடம் கையாண்ட டப்பா, ஒரு நாளும் படித்ததில்லை. "தாளிப்பில் என்ன?" என்றார். கடுகு. அதுவும் அந்த 14-ல் ஒன்று. முறுக்கில் எள், புளிக்குழம்பில் நல்லெண்ணெய், அதுவும் எள்தான். நம் சமையலில் பட்டியலைத் தொடாத பதார்த்தம் கிடைப்பது கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது.

தீபாவளிக்குப் பொது மண்டபத்தில் மேசை போட்டு முறுக்குப் பொட்டலம் விற்கும் எண்ணம் இருந்தது. விற்பவரே முன்கூட்டிக் கட்டி வைக்கும் பொட்டலத்தில் எல்லா மூலப்பொருள்களும் எழுதி, ஒவ்வாமை தருபவற்றைத் தடித்த எழுத்து போன்ற ஏதாவது ஒரு வகையில் தனித்துக் காட்ட வேண்டும். 2021 அக்டோபரில் வந்த 'நடாஷா சட்டம்' அது. எள் ஒவ்வாமையால் 2016-ல் இறந்த 15 வயதுப் பெண்ணின் பெயர். அதைக் கேட்ட பிறகு லேபிள் வேலையை நான் முணுமுணுக்காமல் செய்கிறேன்.

இட்லி மாவு இரவெல்லாம் வெளியே இருக்கும் என்றதும் ஆய்வு அதிகாரியின் புருவம் உயர்ந்தது. ஃப்ரிட்ஜ் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் ஊரில், மாவு புளிப்பதை விளக்கப் போராட வேண்டியிருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு நேரம் புளிக்கிறது, வேகும்போது நடுப்பகுதி 75 டிகிரியில் 30 விநாடி நிற்கிறதா என்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார். சோற்றை மூடி வைத்து ஆறவிடுவோம் என்று நான் வாயைவிட்டதுதான் பெரிய தப்பு. வேகவைத்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் சோற்றில் இருக்குமாம். அகலமான தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆற வைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

கிளம்பும்போது மூலையிலிருந்த துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்தார். இங்கே பாதி வீடுகளில் அது சமையலறையில்தானே இருக்கிறது! ஆர்டர் சமைக்கும் நேரத்தில் ஓடக் கூடாது, அழுக்குத் துணி உள்ளே வரக் கூடாது என்றார்.

5-க்கு 3 வந்தது. தினசரிப் பதிவு எதுவும் எழுத்தில் இல்லாததுதான் முக்கியமான குறை. மேல்முறையீட்டுக்கு 21 நாள் இருந்தாலும், வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. உணவுத் தர நிறுவனம் இலவசமாகத் தரும் 'சேஃபர் ஃபுட் பெட்டர் பிசினஸ்' பதிவேட்டை அச்சடித்து, ஆறு வாரம் தினமும் எழுதினேன். பிறகு கட்டணம் கட்டி மறுமதிப்பீடு கேட்டேன். தொகை கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். மதிப்பெண் குறையவும் வாய்ப்புண்டு என்று படிவத்திலேயே எழுதியிருந்ததால், அந்த வாரம் தூக்கமே இல்லை.

இந்த முறை 5. ஸ்டிக்கரைக் கடைக் கண்ணாடியில் ஒட்டலாம், எனக்குத்தான் கடை இல்லை. பெருங்காய டப்பா இருக்கும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். உள்ளே இருப்பது இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம். பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.