பழைய மடிக்கணினிக்குப் புதிய எஸ்எஸ்டி: மாற்றி முடித்த கதை

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. என் மடிக்கணினி 2018-இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் டி480. எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி என்பதால், விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் கணினிகளின் பட்டியலில் நூலிழையில் இடம் கிடைத்துவிடுகிறது. அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இருக்கிறது. விசைப்பலகையில் ஒரு எழுத்துகூட தேயவில்லை. தடையாக இருந்தது உள்ளே இருந்த 256 ஜிபி எஸ்எஸ்டிதான், அதாவது கோப்புகளைச் சேமிக்கும் சில்லு வட்டு. அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. புதிய விண்டோஸை இறக்கி விரிக்கவே இடமில்லை.

நான் மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். ஆசிரியரின் கணினியில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை: நாள் பாடத்திட்டங்கள், பயிற்சித் தாள்கள், செந்தமிழ் விழாவுக்குப் பிள்ளைகள் பேசிப் பழகிய காணொளிகள், பொங்கல் விழாப் படங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தக் காலத்துக் கேள்வித்தாள்களை நான் அழிக்கவில்லை. இலக்கணப் பயிற்சிக்கு இன்றும் அவை கைகொடுக்கின்றன.

நிரம்பிய எஸ்எஸ்டி ஏன் மந்தமாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரியாமல்தான் பலர் கணினியையே தூக்கிப் போடுகிறார்கள். எஸ்எஸ்டியில் உள்ள சில்லு, எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுதாது. ஒரு பெரிய தொகுதியை முழுக்கத் துடைத்த பிறகுதான் அதில் புதிதாக எழுத முடியும். காலி இடம் தாராளமாக இருந்தால் துடைக்கும் வேலையைப் பின்னணியில் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளும். இடம் குறைந்துவிட்டால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் இருப்பதை நகர்த்தி, துடைத்து, பிறகு எழுத வேண்டியிருக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் பார்த்தபோது என் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் நன்றாகவே இருந்தது. நோய் எதுவும் இல்லை, இட நெருக்கடி மட்டும்தான்.

பழுது பார்க்கும் கடை ஒன்றில் விசாரித்தேன். “மாத்தித் தர்றோம் டீச்சர். ஆனா விண்டோஸ் புதுசாத்தான் போடுவோம், உங்க ஃபைலுக்கு நாங்க பொறுப்பில்ல” என்றார்கள். இந்த இடத்தில்தான் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். அதற்குத் தமிழ் தொடர்பான காரணம் ஒன்று உண்டு.

என்னிடம் இருக்கும் பழைய கோப்புகளில் ஒரு பகுதி யுனிகோடுக்கு முந்தியவை. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டியவை, டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் இருப்பவை. ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர்கள் கொடுத்துவிட்டுப் போன கட்டுரைகளும் நாடகப் பிரதிகளும் அதில் அடக்கம். அவற்றுக்குரிய எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் திறந்தவுடன் கோணல்மாணலான லத்தீன் எழுத்துகள்தான் தெரியும். விண்டோஸோடு வந்துகொண்டிருந்த லதா என்ற தமிழ் எழுத்துருவே விண்டோஸ் 10-இலிருந்து கூடுதல் வசதியாக ஒதுங்கிவிட்டது. சுத்தமாக விண்டோஸ் போட்டால் அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். எந்த எழுத்துருவை எப்போது நிறுவினேன் என்பதற்கு என்னிடம் கணக்கு கிடையாது. அதனால் இருக்கும் எஸ்எஸ்டியை அப்படியே நகலெடுத்துப் புதியதில் இறக்குவதுதான் எனக்குச் சரியான வழி. யுனிகோடில் மட்டும் வேலை செய்பவர்கள், எல்லாவற்றையும் இணையச் சேமிப்பில் வைத்திருப்பவர்கள், புதிதாக விண்டோஸ் போட்டுக்கொள்வதே மேல் என்பேன். பழைய குப்பை ஒழியும்.

அடுத்தது, எந்த எஸ்எஸ்டி வாங்குவது. வாங்குவதற்கு முன் உங்கள் கணினிக்குள் என்ன வகை இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் சாட்டா என்ற இணைப்பில் ஓடும் 2.5 அங்குலப் பெட்டி இருக்கும். சற்றுப் பிந்தியவற்றில் சூயிங்கம் அளவுள்ள எம்.2 துண்டு இருக்கும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதற்குள்ளும் சாட்டா உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ உண்டு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யும் என்று நம்ப முடியாது. செருகும் முனையிலுள்ள தங்கப்பல் வரிசையில் பெரும்பாலான சாட்டா துண்டுகளுக்கு இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இ துண்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரு வெட்டு. வெட்டை மட்டும் நம்பாமல் ஒட்டுச்சீட்டையும் படியுங்கள். என்னுடையதில் என்விஎம்இ, 2280 என்று இருந்தது. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்.

ஜார்ஜ்டவுனில் கொம்தார் பக்கம் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பேழையில் பளபளப்பான நான்காம் தலைமுறை எஸ்எஸ்டிகள் வரிசையாக இருந்தன. நொடிக்கு 7,000 எம்பி என்று பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள். கடையிலிருந்த தமிழ்த் தம்பி என் கணினியின் பெயரைக் கேட்டதும் அவற்றை எடுக்கவே இல்லை. “உங்க மெஷின்ல ரெண்டு லேன்தான் டீச்சர். அதப் போட்டாலும் அந்த ஸ்பீட் வராது, காசு வேஸ்ட்” என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. டி480-இல் எஸ்எஸ்டிக்குப் போகும் தரவுப் பாதை (பிசிஐஇ என்பார்கள்) மூன்றாம் தலைமுறையில் இரண்டு தடங்கள் மட்டும். ஏட்டளவிலேயே நொடிக்கு 2,000 எம்பியைத் தாண்டாது. அதனால் எளிய மூன்றாம் தலைமுறை 1 டிபி போதும். விலையுயர்ந்ததை விற்று லாபம் பார்த்திருக்கலாம். அப்படிச் செய்யாத அந்தத் தம்பிக்காகவே இனி அந்தக் கடைக்குத்தான் போவேன்.

டிஎல்சியா கியூஎல்சியா என்றும் கேட்டார். சில்லின் ஒரு சேமிப்பு அறையில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு வைத்தால் கியூஎல்சி. 1 டிபி டிஎல்சியில் 600 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்று பலர் தருகிறார்கள், கியூஎல்சியில் 220 என்றும் பார்க்கலாம். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 220 டெராபைட் தீர 30 ஆண்டுகள் ஆகும். நான் டிஎல்சி எடுத்ததற்குக் காரணம் வேறு. பெரிய காணொளிகளை மொத்தமாக நகர்த்தும்போது கியூஎல்சி பாதி வழியில் மூச்சு வாங்கும். நகலெடுக்கும் வேலையே அப்படிப்பட்டதுதான்.

இணையத்தில் அடிமாட்டு விலைக்கு 16 டிபி என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள். பிரித்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கும். கொள்ளளவைப் பெரிதாகக் காட்டும்படி ஏமாற்றி வைத்திருப்பார்கள். பிள்ளைகளின் படங்களைப் போட்டு வைத்த பிறகுதான் அவை காணாமல் போவது தெரியும்.

பினாங்குக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. இரண்டாம் பாலம் பெருநிலத்தில் வந்து சேரும் பத்து காவானில் மைக்ரான், சான்டிஸ்க் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் இருக்கின்றன. உலகத்துக்குப் போகும் எஸ்எஸ்டிகளில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது. எங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகள் அந்தப் பக்கம் ஃபேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். அறிவியல் பாடத்தில் நினைவகம் பற்றிப் பேச்சு வந்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

சரி, நகலெடுக்கும் வேலைக்கு வருவோம். எஸ்எஸ்டியோடு யுஎஸ்பி வழியாக இணைக்கும் என்விஎம்இ உறை ஒன்றையும் வாங்கினேன். புதியதை அந்த உறையில் போட்டு, பழையது கணினிக்குள் இருக்கும்போதே நகலெடுத்துவிடலாம். அதற்கு முன் முக்கியக் கோப்புகளை வேறொரு வெளிவட்டில் தனியாகச் சேமித்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் யாரும் தொடங்கக் கூடாது.

வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், மீட்பு விசையை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்தியது குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள். அது தரவு இருக்கும் பகுதிகளை மட்டும் எடுத்து நகலெடுக்கும், அதனால் வேகம். பகிர்வு, அதாவது வட்டின் ஒரு பிரிவு, இப்படிப் பூட்டிய குறியாக்கத்தில் இருந்தால் உள்ளே எது தரவு, எது வெற்றிடம் என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் பிட் பிட்டாக நகலெடுக்கத் தொடங்கிவிடும். அதனால் பிட்லாக்கரை முழுவதும் நீக்கி, குறியாக்கம் கழன்று முடியும்வரை காத்திருந்தேன். அப்புறம் கணினியை அணைக்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் வேகத் தொடக்கத்துக்காகப் பாதி உறக்கத்தில் போய்விடும், பகிர்வைக் குளோன்சில்லா ஏற்க மறுக்கலாம்.

குளோன்சில்லாவின் திரை பழைய காலத்து நீலத் திரை. எலிக்கு வேலை இல்லை, அம்புக்குறியும் என்டரும்தான். வட்டிலிருந்து வட்டுக்கு என்பதைத் தேர்ந்ததும் மூலம் எது, இலக்கு எது என்று கேட்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். வட்டுகளின் குறிப்பெயர்களைப் பார்த்தால் குழப்பம் வரும், அதனால் கொள்ளளவையும் மாடல் பெயரையும் படித்தேன். 256 மூலம், 1 டிபி இலக்கு. மாறிவிட்டால் காலி வட்டு நிறைந்த வட்டின் மேல் ஏறிவிடும். இலக்கிலுள்ளது எல்லாம் அழியும் என்று அது மறுபடி மறுபடி எச்சரித்து உறுதி கேட்கிறது. ஒவ்வொரு முறையும் படித்துவிட்டே ஒப்புதல் கொடுத்தேன். ஓட விட்டுவிட்டு நான்காம் ஆண்டுக் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தேன். அடுக்கு குறைவதற்குள் நகல் முடிந்திருந்தது.

திறப்பதற்கு முன் இந்த மாடலில் ஒரு முக்கிய வேலை இருக்கிறது. பின்னால் கழற்றும் மின்கலம் ஒன்று, உள்ளே நிலையான மின்கலம் இன்னொன்று. பின்னாலுள்ளதைக் கழற்றினாலும் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். அதனால் கணினி தொடங்கும்போது எஃப்1 அழுத்தி, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் கான்ஃபிக், பவர் என்று போய், உள் மின்கலத்தை முடக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினி தானே அணைந்துவிடும். பிறகுதான் பின் மின்கலத்தைக் கழற்றினேன்.

அடிமூடியில் ஆறு திருகுகள். தளர்த்தினாலும் மூடியை விட்டு விழாமல் அதிலேயே தங்கிவிடும் வகை. அந்த வடிவமைப்பாளருக்கு நன்றி. ஓரங்களில் பிளாஸ்டிக் கொக்கிகள் இறுகப் பிடித்திருந்தன. காலாவதியான டச் அன் கோ சாலைக்கட்டண அட்டையை இடுக்கில் நுழைத்து, கீல் பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தினேன். டக் டக்கென்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. இரும்புத் திருப்புளியால் நெம்பினால் மூடி வடுப்படும்.

இரும்பு மேசைக்காலைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டேன். நம் ஊர் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் குறைவுதான், ஆனாலும் குளிர்சாதன அறையில் வரலாம். எஸ்எஸ்டி ஒரு சின்னத் தட்டில் உட்கார்ந்திருந்தது. தட்டைத் தூக்கி, நாடா இணைப்பைக் கழற்றி, எஸ்எஸ்டியின் முனையிலுள்ள குட்டித் திருகை எடுத்ததும் முனை லேசாக மேலெழும்பியது. சாய்வாக இழுத்தால் வந்துவிடும். புதியதை அதே சாய்வில் செருகி, பல் முழுக்க உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத் திருகினேன். அழுத்தித் திருக வேண்டாம், ஆடாமல் நின்றால் போதும். தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு மூடினேன்.

பொத்தானை அழுத்தினால் உயிர் வராது. பதற்றப்பட வேண்டாம். முடக்கிய உள் மின்கலம் சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும். செருகினேன், லெனோவோ எழுத்து வந்தது, அடுத்து என் பழைய திரை, என் மகள் படத்தோடு. பழைய எஸ்எஸ்டியை அப்போது யுஎஸ்பியில் மாட்டவில்லை. ஒரே அடையாள எண் கொண்ட இரண்டு வட்டுகள் ஒரே நேரத்தில் இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

இன்னும் ஒரு முடிச்சு இருந்தது. நகல் என்பதால் சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்கும், மீதி இடம் ஒதுக்கப்படாமல் பின்னால் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் விண்டோஸின் மீட்புப் பகிர்வு உட்கார்ந்திருந்தது. அதனால் நீட்டிக்கும் வாய்ப்பு சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. விண்டோஸின் வட்டு மேலாண்மையால் பகிர்வை நகர்த்த முடியாது. ஜிபார்ட்டெட் என்ற இலவச மென்பொருளை யுஎஸ்பியிலிருந்து இயக்கி, மீட்புப் பகிர்வைக் கடைசிக்குத் தள்ளி, சி டிரைவை நீட்டினேன். இப்போது மொத்த வட்டு 931 ஜிபி என்று காட்டுகிறது. 1 டிபி வாங்கி ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்காதீர்கள். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது.

அதன் பிறகு விண்டோஸ் 11 தடையில்லாமல் ஏறியது. எழுத்துருக்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. முதலில் திறந்து பார்த்தது டிஸ்கியில் இருந்த ஒரு நாடகப் பிரதியைத்தான், ஒரு எழுத்து பிசகாமல் வந்தது. இனி அவற்றை யுனிகோடுக்கு மாற்றி வைக்கும் வேலையைத் தொடங்க வேண்டும், இப்போது அதற்கு இடமும் இருக்கிறது. பிட்லாக்கரை மறுபடி இயக்கிவிட்டேன். புதிய மீட்பு விசை வரும், பழையது செல்லாது, அதையும் எழுதி வையுங்கள்.

வேகம் எப்படி என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். என்விஎம்இயிலிருந்து என்விஎம்இக்கு மாறியதால் கணினி தொடங்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சேமிக்கும்போது திணறுவது நின்றது, அதுதான் எனக்குக் கிடைத்த நிம்மதி. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் மாற்றினால் அது வேறு கணினி ஆகிவிடும். சாட்டா எஸ்எஸ்டிகூட நொடிக்கு 550 எம்பி வரை தரும். அவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

பழைய எஸ்எஸ்டி இப்போது உறைக்குள் இருக்கிறது, தேதி எழுதி ஒட்டிவிட்டேன். புதியது ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியாகும்வரை அதை அழிக்கப்போவதில்லை. ஆனால் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் போட்டு வைக்கும் பிரதியாக அதை நம்பமாட்டேன். சில்லுத் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின்படி, ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும். என்னுடையது அவ்வளவு தேயவில்லை. ஆனாலும் வெப்பம் கூடக் கூட அந்தக் காலம் குறையும், பினாங்கின் பகல் வெப்பம் எல்லாருக்கும் தெரிந்ததே. நீண்ட காலப் பிரதி வெளிவட்டில் இருக்கிறது. பள்ளி விடுமுறைதோறும் இரண்டையும் செருகித் திறந்து பார்க்கிறேன்.